அம்பது பேர் ஊதின விசில்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு இந்த ஓரம் போதும். அந்த மிக்ஸி ஜாரைக் கீழ வெச்சுக்கலாமுங்களே, மடியிலயே வெச்சிருந்தா தொடை மரத்துப்போயிரும். சரிங்க, உங்க இஷ்டம்.

இப்பக் கண்டக்டர் ஊதினது கேட்டீங்களா? அதுக்குப் பேரு விசிலுங்களா? மூச்சு வயித்துல இருந்து வரோணுமுங்க. இவரு ஒதட்டுல இருந்து ஊதுறாரு. ஒண்ணு ஊதினா வண்டி நிக்கோணும், ரெண்டு ஊதினா கிளம்போணும், அவ்வளவுதான் சட்டம். இவரு ஒண்ணரை ஊதுறாரு. டிரைவர் பாவம், நிக்கிறதா போறதான்னு தெரியாம கிளட்சுல காலை வெச்சுட்டே வர்றாரு பாருங்க.

குறை சொல்றதே பொழப்பான்னு நினைக்காதீங்க. முப்பது வருசமா விசில் ஊதித்தான் சோறு திங்கிறேன். இந்தா, சட்டைப் பையிலயே இருக்குது பாருங்க. பித்தளை. உள்ள தக்கை உருண்டை ஒண்ணு ஓடுது, ஆட்டினா தெரியும். அது சுத்தறதுலதான் சத்தம் அதிருது. இப்ப வர்ற பிளாஸ்டிக் விசிலுல உருண்டையே கிடையாதுங்க. வெறும் காத்து. கீச்சுன்னு ஒரே கோடா கத்தும், அவ்வளவுதான். அதை விடுங்க.

கோவில்பாளையத்துக்குப் பக்கத்துல ஒரு என்ஜினீயரிங் காலேஜுல நான் பி.டி. மாஸ்டர். கதவுல பிசிக்கல் டைரக்டர்னு போட்டிருக்கும். பசங்க விசில் சாரும்பாங்க. பேரு சொல்லிக் கூப்பிடறவங்க ஆரும் இல்லை, மரியாதைங்க. முன்ன நல்ல கிரவுண்டு இருந்துச்சு. இப்ப அதுல காலேஜ் பஸ்ஸுங்க நிக்குது, நாப்பத்திரண்டு பஸ்ஸு. ஒரு பக்கத்துக் கோல் போஸ்ட்டு மட்டும் இன்னும் இருக்குது, டிரைவருங்க அதுல துண்டு காயப்போடுறாங்க. டீமெல்லாம் கலைஞ்சு ஏழு வருசமாச்சு. நான் காலையில போவேன், கையெழுத்துப் போடுவேன், ரூமைத் திறந்து பந்துக்கெல்லாம் காத்து அடிச்சு வெப்பேன். சாயங்காலம் பூட்டிப்போட்டு வந்துருவேன்.

அந்த நேரத்துலதானுங்க அந்தப் பொடிசுங்க வந்துச்சு.

பொடிசுன்னா புள்ளைங்க இல்லைங்க. ரோபோ. ஆராய்ச்சிக்குன்னு எங்க காலேஜுக்கு வாங்கினாங்க, நாலு. மனுசன் மாதிரியே கை, கால், தலை. உயரம் பார்த்தா என்ற முழங்காலுக்கு மேல ஒரு சாண். அதுங்க வேலை என்ன தெரியுங்களா? ஃபுட்பால் ஆடறது. நிஜமாத்தான் சொல்றேன். ரிமோட் கிடையாது, வயர் கிடையாது, பந்தைத் தானே பார்த்து, தானே நடந்து, தானே உதைக்கும். நடக்கறதைப் பார்த்தா ஈரத்துணியோட நடக்கற குழந்தையாட்டம் காலை அகட்டி அகட்டி வரும். பத்து அடிக்கு ஒரு தரம் பொத்துனு விழும். விழுந்தா கையைப் பின்னால ஊனி, முட்டியை மடக்கி, எந்திரிச்சு, திரும்பப் பந்துகிட்டப் போகும். அழுகாது. அடுத்தவன் மேல பழி போடாது. ரெஃபரியைப் பார்த்துக் கையைத் தூக்கி நியாயம் கேக்காது. முப்பது வருசத்துல நான் பார்த்ததுலயே ஒழுக்கமான டீமுங்க அது.

மொதல்ல லேபுக்கு வெளிய கண்ணாடி வழியா நின்னு பார்த்துட்டுப் போயிருவேன். தினமும் நிப்பேன். ஒரு நாள் அந்த டீமுக்குத் தலைவியா இருக்கற புள்ளை வெளிய வந்துச்சு. ஃபர்சானான்னு பேரு, கோயமுத்தூர்ல கரும்புக்கடை ஏரியாப் புள்ளை, கடைசி வருசம் படிக்குது. சார், உங்ககிட்ட விசில் இருக்குதான்னு கேட்டுச்சு. என்கிட்டயே கேக்குது பாருங்க.

விசயம் என்னன்னா, போட்டியில ரெஃபரி விசில் ஊதினதும் அதுங்க தானாக் கிளம்போணுமாம். ஆரும் தொடக் கூடாது, பட்டன் அமுக்கக் கூடாது. ஒவ்வொரு கோல் விழுந்த பொறவும் பந்தை நடுவுல வெச்சுத் திரும்ப விசில் ஊதுவாங்க, அப்பவும் அதுங்களாக் கேட்டுக் கிளம்போணும். விசிலு காதுல விழுகலைன்னா சும்மா நிக்கும். பதினஞ்சு செகண்டு கழிச்சுத்தான் மேசையில இருக்கற கம்ப்யூட்டர்ல இருந்து அதுங்களுக்குத் தகவல் போகும். பதினஞ்சு செகண்டுல எதிராளி நம்ம கோலுக்கே போயிருவான். அதனால விசில்னா என்னன்னு அதுங்களுக்குப் பழக்கோணும், வந்து ஊதுங்க சார்னு அந்தப் புள்ளை கூப்பிட்டுச்சு.

போனேன். பச்சைக் கம்பளம் விரிச்சிருந்தாங்க. நாலும் வரிசையா நின்னுச்சு. வயித்துல காத்தைப் பிடிச்சு ஒண்ணு ஊதினேன் பாருங்க.

மொத நாள் ஒண்ணும் நடக்கலை. பத்து நாள் பழக்கினாங்க. பதினோராம் நாள் ஊதினேன். நாலு தலையும் ஒரே நேரத்துல திரும்பி என்னையப் பார்த்துச்சுங்க. நாலும். பார்த்துப்போட்டுக் கிளம்பிருச்சு.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. அன்னைக்கு ஊட்டுக்குப் போயும் எனக்குச் சோறு எறங்கலை. சந்தோசத்துல. ஊட்டுல ஊதினா கேக்க ஆரும் இல்லை, இங்க ஊதினா நாலு தலை திரும்புது. இதைப் போயி ஆருகிட்டச் சொல்றது?

ஊட்டுல ஆருமில்லைன்னா, இருக்காங்க. சுலோச்சனா, என்ற ஊட்டுக்காரி, ஓசூர்ல எங்க புள்ளை பிருந்தா ஊட்டுல இருக்கா. பேரன் பொறந்தப்பப் பார்த்துக்கப் போனா. குழந்தை நடக்கட்டும், வந்துர்றேன்னா. அப்புறம் பேசட்டும்னா. அப்புறம் பள்ளிக்கூடம் போகட்டும்னா. இப்ப ரெண்டாம் கிளாஸ் படிக்கறான். இந்தப் பெரிய பரீட்சை முடிஞ்சா வந்துருவா.

எங்க ஊட்டுல எல்லாமே விசிலுதானுங்க. காலையில அஞ்சு மணிக்கு ஒண்ணு ஊதினா எந்திரிக்கோணும். ரெண்டு ஊதினா காப்பி. நீட்டி ஒண்ணு ஊதினா சாப்பாடு. சுலோச்சனா நெம்பச் சூட்டிகை, இருபத்தெட்டு வருசத்துல ஒரு நாள்கூட என்னைய ரெண்டாந்தரம் ஊத வெச்சதில்லை. நானும் வாயைத் திறந்து அவ பேரைக் கூப்பிட்டதில்லை, அவசியமே வரலை. அப்படி ஒரு குடும்பம். இப்பப் போன்ல பிருந்தா பேசறப்ப, அம்மாவைக் கூப்பிடட்டுமாப்பான்னு கேக்கும். வேண்டாஞ்சாமி, வேலையா இருப்பான்னு சொல்லிருவேன். போன்ல விசிலா ஊத முடியும்?

அன்னூர் வந்துருச்சா? பரவாயில்லை, இன்னும் புளியம்பட்டி இருக்குது. நீங்க எங்க எறங்கோணும்? புளியம்பட்டிதானா? சரி, அப்பச் சொல்லி முடிச்சுப்போடறேன்.

ஆகஸ்ட் மாசம். ஃபர்சானா என்ற ரூமுக்கு வந்துச்சு. கையில ஒரு பாக்கெட்டு. அதுல பத்து விசில், எல்லாம் வேற வேற, சிவப்பு, மஞ்சள், உருண்டை இருக்கறது, இல்லாதது. சார், உங்க விசிலை மட்டுமே இதுங்க கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு, போட்டியில எந்த ரெஃபரி எந்த விசிலை ஊதுவாருன்னு தெரியாது, அதனால அம்பது பேரை ஊத வெச்சு உங்க போன்ல பதிஞ்சு கொண்டாங்கன்னுச்சு. ஆம்பளை, பொம்பளை, பெரியவங்க, சின்னவங்க, ஆரா இருந்தாலும் சரி. வேற வேற எடத்துல ஊதோணும். ஆரு ஊதினாங்கன்னு ஒரு பேர்ப்பட்டியல். உங்களுக்குத்தான் சார் நெம்பப் பேரைத் தெரியும், முப்பது வருசமா இருக்கீங்களேன்னு சொல்லிப்போட்டுப் போயிருச்சு.

அம்பது பேரு.

மொதல்ல பக்கத்து ஊட்டுக்காரர்கிட்டப் போலாம்னு கிளம்பினேன். ஆனா அவரு பையன் பந்து எங்க காம்பவுண்டுக்குள்ள விழுந்தப்ப நான் ஒழுக்கம் வரட்டும்னு வாங்கி வெச்சுட்டேன், அது ஆச்சு நாலு வருசம். பந்து இன்னும் என்கிட்டத்தான் இருக்குது. எதிர்த்த ஊட்டுல ஒரு அம்மா. காலையில அஞ்சு மணிக்கு விசில் ஊதக் கூடாதுன்னு காலனியில எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினதே அந்தம்மாதான். நேரத்துல எந்திரிக்கத் துப்பில்லாதவங்க, அவங்ககிட்டப் போயி எப்படிங்க விசிலை நீட்டறது? காலேஜுல கேக்கலாம்னா, ஸ்டாஃப் ரூமுக்கு நான் போயே பல வருசம். பழைய ஆட்டக்காரப் பசங்க இருக்காங்க, போன்ல நம்பர்கூட இருக்குது. ரங்கசாமின்னு ஒரு கோல்கீப்பர், புலி அவன். ரெண்டு ரிங் போச்சு, கட் பண்ணிட்டேன். அவனா எடுக்கலைன்னு சொல்ல மாட்டேன். நான்தான் கட் பண்ணினேன். எடுத்து, ஆருங்கன்னு கேட்டுப்போட்டான்னா?

ஒரு வாரம் ஆச்சு, ஒரு விசில்கூடப் பதியலை. அந்தப் புள்ளை பார்க்கறப்பெல்லாம், எத்தனை ஆச்சு சார்னு கேக்குது. இருபது ஆச்சு அம்மிணின்னு சொல்லிப்போட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில காப்பி குடிச்சுப்போட்டு உக்காந்தேன். ஹால்ல, ஃபேனைப் போட்டுக்கிட்டு. அம்பதையும் நானே ஊதினேன்.

அப்படிப் பார்க்காதீங்க. ஏமாத்தோணும்னு ஊதலைங்க. ஒவ்வொருத்தரும் எப்படி ஊதுவாங்கன்னு நல்லா நினைச்சுப் பார்த்துத்தான் ஊதினேன். ரங்கசாமி மூர்க்கமா ஊதுவான், அப்படி ஊதினேன். காலேஜுல பழைய பிரின்சிபால் இருந்தாரு, மூச்சு வாங்கும், அவருக்கு நடுவுல விட்டு விட்டு ஊதினேன். பக்கத்து ஊட்டுப் பையனுக்கு வெடுக்குனு ஒண்ணு. பிருந்தாவுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு. அந்தக் கையெழுத்து வாங்கின அம்மாவுக்குக்கூட ஒண்ணு ஊதினேன், நியாயமா நல்ல விசிலாவே ஊதினேன். ஏழாவது சுலோச்சனா. அவ விசிலைத் தொட்டதே இல்லை, அதனால அவளுக்கு மெதுவா, பயந்து பயந்து. எல்லாத்தையும் என்ற பித்தளை விசிலுலதான் ஊதினேன், அந்தப் பிளாஸ்டிக் பாக்கெட்டை நான் பிரிக்கவே இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அம்பதும் முடிஞ்சுது. ஒதடு வீங்கிப்போச்சு. ஆனா சொல்றேன் கேளுங்க, அன்னைக்கு முழுக்க ஊடு நிறைய ஆளு வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

பட்டியலைக் கொண்டுபோயிக் கொடுத்தேன். ஃபர்சானா விரலை வெச்சுப் படிச்சுப்போட்டு, ஆன்ட்டிகூட ஊதினாங்களா சார்னு கேட்டுச்சு. ஆமா அம்மிணி, ஓசூர்ல இருந்து வந்திருந்தா, நல்லாவே ஊதினான்னேன். அந்தப் புள்ளைக்கு அத்தனை சந்தோசம்.

டிசம்பர்ல பெங்களூருல போட்டி. என்னையும் கோச்சுன்னு பேரு போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க, கழுத்துல அட்டையெல்லாம் மாட்டிவிட்டாங்க. பெரிய ஹாலு. அந்தப் புள்ளைங்க ரெண்டு வருசமா சோறு தண்ணி பார்க்காம பாடுபட்டிருக்காங்க. மொத ஆட்டத்துல ஜெயிச்சாத்தான் அடுத்தது, தோத்தா மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குத்தான். நான் கேலரியில மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். எங்க நாலும் நீலச் சட்டை போட்டுக்கிட்டு நின்னுச்சு.

ரெஃபரி ஊதினாரு. பிளாஸ்டிக் விசிலு. கீச்சுன்னு ஒரே கோடு.

எங்க நாலும் அசையலைங்க. எதிர் டீம் கிளம்பி வருது, அகட்டி அகட்டி, விழுந்து எந்திரிச்சு, வருது. இதுங்க நிக்குது. ஒரு தலைகூடத் திரும்பலை. பதினஞ்சு செகண்டுன்னா கொஞ்ச நேரம்னு நினைப்பீங்க. அந்த ஹால்ல உக்காந்து எண்ணிப் பாருங்க தெரியும். கோலு. பந்தை நடுவுல வெச்சாங்க, திரும்ப ஊதினாரு, திரும்ப நிக்குது. ரெண்டாவது கோலு. மூணாவது கோலு. பக்கத்துல இருந்தவன் சிரிச்சான். பேட்டரி இல்லையாட்ட இருக்குதுன்னு சொன்னான்.

கீழ ஃபர்சானா முட்டி மேல கையை ஊனிக் குனிஞ்சு நின்னுச்சு. அப்புறம் நிமிந்து கேலரியில என்னையத் தேடிப் பார்த்துச்சு. கோவத்துல இல்லைங்க. என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்னு கேக்கற மாதிரி. எனக்குத் தெரியுமே.  மூணு கோல் வரைக்கும் பொறுத்துட்டேன், அதுக்கு மேல முடியலை. நாலாவது தரம் பந்தை நடுவுல வெச்சு ரெஃபரி ஊதினாரு பாருங்க, கூடவே பையில இருந்து இதை எடுத்து நானும் ஊதினேன். வயித்துல இருந்து.

நாலு தலையும் திரும்புச்சு. அத்தனை பெரிய ஹால்ல, அத்தனை கூட்டத்துல, நேரா என்னையப் பார்த்துச்சு. பார்த்துப்போட்டுக் கிளம்பிருச்சு. மூணாம் நம்பர் பந்துகிட்டப் போச்சு, ஒரு தரம் விழுந்துச்சு, எந்திரிச்சுச்சு, உதைச்சுது. கோலு.

செல்லாதுன்னுட்டாங்க. வெளிய இருந்து சிக்னல் கொடுத்தது ரிமோட் மாதிரித்தானாம். டீமையே நீக்கிட்டாங்க, என்னைய ரெண்டு பேரு கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தாங்க. நான் இப்பவும் சொல்றேன், அந்தக் கோல் கோல்தான். வந்த ரயில்ல ஆரும் என்கிட்டப் பேசலை. அதை விடுங்க, களைப்பா இருந்திருப்பாங்க.

திங்கக்கிழமை ஃபர்சானா லேபுக்குக் கூப்பிட்டுச்சு. வேற ஆரும் இல்லை, அது மட்டும்தான். ஸ்கிரீனைக் காமிச்சுது. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு புள்ளியாம். வேற வேற ஆளு ஊதினா புள்ளி அங்கங்க சிதறிக் கிடக்குமாம். அம்பது புள்ளியும் ஒரே எடத்துல ஒண்ணு மேல ஒண்ணு குமிஞ்சு கிடந்துச்சு, கடுகைக் கொட்டின மாதிரி.

"சார், அம்பது பேரும் ஒரே ஆளுன்னு மெஷின் சொல்லுது."

விசில் ஒண்ணுதானே அம்மிணி, அதனால இருக்கும்னேன். அந்தப் புள்ளை நாற்காலியை என்ற பக்கம் திருப்பிப் போட்டு உக்காந்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, தப்பு எங்க மேலயும் இருக்குது சார், நாங்க ஆரும் காதுல கேக்கவே இல்லை, நேரா மெஷினுக்குக் கொடுத்துட்டோம், நேத்துத்தான் நான் உக்காந்து அம்பதையும் கேட்டேன்னு. கேட்டுப்போட்டு என்ன சொல்லுச்சு தெரியுங்களா?

"அம்பதுலயும் பின்னால ஒரே ஃபேன் ஓடுது சார். வேற ஒரு குரல்கூட இல்ல."

 அந்த ஃபேன் கொஞ்சம் கடகடன்னு சத்தம் போடும், பேரிங் போயிருச்சு. மாத்தோணும் மாத்தோணும்னு இருந்தேன்.

அப்புறம் ஏழாவதை மட்டும் போட்டுக் காமிச்சுது. ஃபேன் ஓடுது. ஓடிட்டே இருக்குது. அப்புறம் என்ற குரலு. சுலோச்சனான்னு கூப்பிடுது. கூப்பிட்டுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை, ஃபேன் மட்டும். அப்புறம் மெதுவா ஒரு விசிலு.

நான் கூப்பிட்டது எனக்கு ஞாபகமே இல்லைங்க. பட்டியலுக்காகப் பேரைச் சொல்லியிருப்பேன், ரெக்கார்டுல பேரு இருக்கோணுமில்ல. மத்த நாப்பத்தொம்பதுலயும் ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்களா? அதைத்தான் நானும் யோசிக்கறேன்.

ஃபர்சானா ஆருகிட்டயும் சொல்லலை. புரொபசர்கிட்ட மைக் கோளாறுன்னு சொல்லிருச்சு. மார்ச்ல சென்னையில இன்னொரு போட்டி இருக்குது. அதுக்குள்ள நிஜமா அம்பது பேரு வேணும், இந்த மாசக் கடைசிக்குள்ள. உங்களால முடியலைன்னா சொல்லுங்க சார், நாங்க பார்த்துக்கறோம்னுச்சு. நெம்ப மரியாதையாத்தான் கேட்டுச்சு. முடியலைன்னு சொன்னா அப்புறம் அந்த லேபுக்குள்ள நான் எதுக்குப் போறது? கண்ணாடிக்கு வெளிய நிக்க வேண்டியதுதான். அந்த நாலு தலையும் அப்புறம் என்னையத் திரும்பிப் பார்க்காது. அதனால முடியும் அம்மிணின்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

அது ஆச்சு பதினொரு நாளு.

நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்லிர்றேன். இந்த வண்டி போற சத்தியமங்கலத்துல எனக்கு ஒரு வேலையும் இல்லைங்க. சொந்தம், ஒறம்பரைன்னும் ஆரும் இல்லை. சத்தி ஸ்டாண்டுல எறங்கி ஒரு டீ குடிச்சுப்போட்டு இதே வண்டியில திரும்பி வருவேன். நேத்தும் வந்தேன், முந்தாநேத்தும் வந்தேன். பஸ்ஸுன்னா அம்பது பேரு உக்காந்திருப்பாங்களே, கணக்கு சரியா இருக்குமேன்னுதான் ஏறினேன். மொத ஆளாக் கண்டக்டர்கிட்டக் கேக்கோணும்னு நினைச்சேன், அவருகிட்ட விசிலே இருக்குது பாருங்க. டிக்கெட் எங்கன்னு கேட்டாரு, சத்தின்னேன், அவரு அந்தால போயிட்டாரு. அவ்வளவுதான் பேசினோம். முந்தாநேத்து என் பக்கத்துல ஒரு பெரியவர். போகப்போகக் கேக்கலாம்னு இருந்தேன், தூங்கிட்டாரு. நேத்து ஒரு பொம்பளைப்புள்ளை, காதுல வயரை மாட்டிட்டு வந்துச்சு. நீங்கதான் அன்னூர் தாண்டியும் கேட்டுட்டு வர்றீங்க.

அதோ பாருங்க, புளியம்பட்டி சந்தை தெரியுது. எறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம். இந்தப் பாக்கெட்டு, நேத்து ராத்திரிதான் பிரிச்சேன், பத்தையும் சோப்புப் போட்டுக் கழுவித் தொடைச்சு வெச்சிருக்கேன். புதுசுதான், நம்பலாம். எந்தக் கலரு வேணுமோ எடுங்க. மஞ்சளா? நல்லது. அது பிளாஸ்டிக்குதான், பரவாயில்லை, அதுவும் விசிலுதான். ஊதிப்போட்டு நீங்களே வெச்சுக்குங்க.

ஜாரைக் கொடுங்க, நான் பிடிச்சுக்கறேன்.

வெக்கப்படாதீங்க. ஓடற பஸ்ஸுல விசில் ஊதினா டிரைவர் பிரேக்கைப் போடுவாருதான். கண்டக்டர் திட்டுவாருதான். எல்லாத் தலையும் திரும்பும். திரும்பட்டுமுங்க. திரும்பினாத்தானே அடுத்த ஆளுகிட்ட நான் கேக்க முடியும்? வயித்துல இருந்தெல்லாம் வேண்டாம், உங்களுக்கு எப்படி வருதோ அப்படி ஊதுங்க. அதுதான் வேணும்.

இருங்க, இருங்க, பட்டியலை எடுத்துக்கறேன். ஒண்ணாம் நம்பரு. கோவில்பாளையத்துல இருந்து நானே பேசிட்டு வந்திருக்கேன், இதைக் கேக்கவே இல்லை பாருங்க. உங்க பேரு என்னங்க?

மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன். ம். நல்ல பேரு.

என்ற பேருங்களா? என்னையவா கேக்கறீங்க? சென்னியப்பனுங்க. அதைப் பட்டியல்ல எழுத வேண்டாம், அது ஏற்கெனவே அம்பது தரம் இருக்குது.

போன்ல பட்டனை அமுக்கிட்டேன். ஊதுங்க.